சோறும் பெட்ரோலும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகின்றன. ஆறு முடியும் இடத்தில் மீன் படுகிறது. ஆறு தண்ணீர் தருகிறது, கடல் மீன் தருகிறது, உழைப்பாளி பாடுபடுகிறான், நமக்குச் சோறும் குழம்பும் கிடைக்கின்றன என்றே எல்லோரும் நினைக்கிறோம். இது பாதி உண்மை. மறுபாதி, பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் வாயுவிலும் இருக்கிறது.

முதலில் கடலைப் பார்ப்போம். இக்கரையின் வள்ளங்கள் ஒரு காலத்தில் பாய் விரித்து ஓடின. காற்றுக்கு விலை கிடையாது. இன்று இன்ஜின் ஓடுகிறது. தூரம் போகலாம், எதிர்க்காற்றிலும் கரை திரும்பலாம். இது நல்லதே. யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் மீன் படாத நாளிலும் எண்ணெய் எரிந்து தீர்கிறது. மீனை விற்ற பணத்தில் முதலில் கழிவது எண்ணெய்ச் செலவு. மிச்சத்தைத்தான் பங்கு போடுகிறார்கள். ஆகவே டீசல் விலை ஏறும் ஒவ்வொரு தடவையும், யாரும் அறிவிக்காமலே, படகுத் தொழிலாளிக்குக் கூலி வெட்டு விழுகிறது!

வயலுக்கு வருவோம். டிராக்டரும் அறுவடை யந்திரமும் டீசல் குடிப்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் வயலில் நுழையும் பெரிய வாசல் உரமூட்டை. பயிருக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான்; ஆனால் நெற்பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. 1909-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹேபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். 1913-ல் அதற்குப் பெரிய ஆலை எழுந்தது. இன்று உலக ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் சோறு இந்த ரசாயன நைட்ரஜனில்தான் விளைகிறது.

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? புன்னைக்காயலுக்கு வடக்கே, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்பிக் ஆலையைப் பாருங்கள். 1975-ல் உற்பத்தி தொடங்கிய இந்த யூரியா ஆலை, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவைக் கொண்டு நெடுங்காலம் ஓடியது. 2021-ல் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் வந்தது; ஆலையும் வாயுவுக்கு மாறியது. நாப்தாவோ, வாயுவோ, இரண்டும் பூமிக்கடியிலிருந்து வருபவையே. ரேஷன் அரிசி வாங்கும் மில் தொழிலாளியும் இதை அறிய வேண்டும்: உன் உலையில் கொதிக்கும் அரிசியில் பெட்ரோலியமும் கலந்திருக்கிறது.

எனில், எண்ணெய் விலையை ஆட்டுவிப்பவன் கையில் நம் சோற்றுப் பானையும் இருக்கிறது. 2014 அக்டோபரில் மத்திய சர்க்கார் டீசல் விலையை மார்க்கெட்டின் கையில் விட்டது. யூரியாவுக்கு மட்டும் விலை கட்டுப்பாடு இருக்கிறது. மற்ற உரங்களுக்கு அது 1992-லேயே தளர்ந்துவிட்டது. விளைவு என்ன? 2021 ஏப்ரலில் டி.ஏ.பி. மூட்டை 1,200 ரூபாயிலிருந்து 1,900 ரூபாய்க்குத் தாவியது. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். மே மாதம் சர்க்கார் மானியத்தை உயர்த்தி, பழைய விலைக்கே இறக்க வேண்டியதாயிற்று. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"அப்படியானால் ரசாயன உரத்தையே விட்டுவிடலாமே" என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். கடலுக்கு அக்கரையில் இலங்கையைப் பாருங்கள். 2021 மே மாதம் அந்நாட்டு சர்க்கார் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. மாற்று உரம் தயாரில்லை; விவசாயிகளைக் கலந்து பேசவுமில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். 1922 அல்ல, 2022-ல் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் வடபகுதி மீனவரின் படகுகள் கரையில் கிடந்தன. அந்த ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார்.

மாற்றம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெயும் வாயுவும் என்றைக்கும் இருக்கப் போவதில்லை. அவற்றை எரிக்க எரிக்க பூமியும் கடலும் சூடேறுகின்றன. அந்தச் சூட்டில் முதலில் வேகிறவர்களும் வயலிலும் கடலிலும் நிற்கும் நம்மவர்களே. ஆகவே மாற்றம் அவசியம். ஆனால் அதன் செலவு யார் தலையில் என்பதே கேள்வி.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. அவன் தலையில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றாதீர்கள் என்கிறோம். உரத்துக்கும் தொழில் டீசலுக்கும் கட்டுப்படியாகும் விலையை சர்க்கார் நிர்ணயிக்கட்டும். காகிதமில்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவனுக்கும், சிறு படகுக்காரனுக்கும் சலுகை போய்ச் சேரட்டும். தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரங்களையும், சூரிய வெளிச்சத்தில் ஓடும் பம்புகளையும் சர்க்கார் செலவில் பரப்பட்டும். அறுவடை யந்திரம் வேலையைப் பறித்த இடத்தில் கூலியாளுக்கு வேறு வேலை தரட்டும்.

இக்கோரிக்கைகள் விவசாயிக்கு மட்டும் உரியவை அல்ல. வயலில் நிற்பவனும், வலை இழுப்பவனும், மில்லில் நூல் நூற்பவனும் ஒரே உலையிலிருந்துதான் சாப்பிடுகிறார்கள். மூவரும் சேர்ந்து கேட்டால் சர்க்கார் காது கொடுத்தே தீரவேண்டும். கேட்போம்!