வீட்டு பீர் கிட்: கண்ணு போயிடுமா டாக்டர்?

இங்கிலாந்துல இருக்கிற நம்ம பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. என் கருத்தைச் சொல்லிடுறேன்.

1/ அங்கே 1963லிருந்து சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை. விற்கக் கூடாது. தமிழ்நாட்டுல வீட்ல தயாரிப்பதே சட்டவிரோதம். ஊர்ல முயற்சி வேண்டாம்.

2/ மால்ட்டை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது உருவாகும் மெத்தனால் மிக மிகக் குறைவு. 2024 கள்ளக்குறிச்சியில் உயிரைப் பறித்தது சாராயத்துல கலந்த மெத்தனால். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

3/ கண்ணுக்கு நிஜ ஆபத்து பாட்டில்தான். நொதித்தல் முடியுமுன் அடைச்சா கேஸ் அழுத்தம் ஏறி கண்ணாடி வெடிக்கும். "ஏழு நாள் ஆச்சு" என்பது கணக்கே இல்லை. ஹைட்ரோமீட்டர் அளவு தொடர்ந்து 2-3 நாள் மாறாம இருக்கணும். அப்புறம்தான் பாட்டில்.

4/ எந்த கிட்? சர்க்கரை கொட்டுற ஒரு டின் கிட்டை விட, சுமார் 3 கிலோ மால்ட் வர்ற ரெண்டு டின் கிட் முதல் தடவைக்கு நல்லது. ருசி நீர்த்துப் போகாது. மிச்சக் காசுல கிருமிநாசினியும் தெர்மாமீட்டரும் வாங்குங்க. 18-22 டிகிரி போதும்.

5/ இப்ப முக்கியமான விஷயம். 23 லிட்டர், 4.5% என்றால் சுமார் 103 யூனிட் ஆல்கஹால். பிரிட்டிஷ் வழிகாட்டுதல் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. அதாவது ஒரு ஆளுக்கு ஏழு வாரத்துக்கும் மேல! மலிவா கிடைக்குதேன்னு ரெண்டு வாரத்துல காலி பண்ணா, கல்லீரலுக்கு அது வீட்டுத் தயாரிப்பா கடைச் சரக்கான்னு தெரியாது.

பொழுதுபோக்கு தயாரிப்பதா, குடிப்பதா? அதை முடிவு பண்ணிட்டு கிட் வாங்குங்க.