தீயணைப்புக் கருவிக்கும் நன்கொடையா?

2017 செப்டம்பர் 14. கோலாலம்பூர், கம்போங் டத்தோ கெராமாட்டில் தாபிஸ் சமயப் பள்ளி ஒன்றில் பற்றிய தீயில் 23 பேர் மாண்டனர். வாசல் பக்கம் தீ. சன்னல்களில் இரும்புக் கம்பி. 1989இல் கெடா, குவார் செம்பெடாக்கில் 27 மாணவிகளை விடுதித் தீக்குப் பறிகொடுத்த நாடு இது. பாடம் கற்றோமா?

நம் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்னமும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். மானியம் போதாதபோது பழைய மின்கம்பியை மாற்றவும் தீயணைப்புக் கருவி வாங்கவும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடைக்கு அலைய வேண்டியிருக்கிறது. சாயம் பூசுவதைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடலாமா? பகுதி உதவி, முழு உதவி என்ற பேதம் தீக்குத் தெரியாது.

எல்லாப் பள்ளிகளின் தீப் பாதுகாப்புச் செலவையும் அரசாங்கமே முழுமையாக ஏற்க வேண்டும். நாம் கேட்பது சலுகையல்ல, பிள்ளைகளின் உரிமை.

அதற்காக நாமும் கைகட்டி இருக்கலாகாது. பெற்றோர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். தீயணைப்புக் கருவி எப்போது காலாவதியாகிறது? பள்ளி நேரத்தில் எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது? தீ விபத்துப் பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது?

பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.