அறுபது பாகை மட்டை நமக்குத் தேவைதானா?

கடந்த வாரம் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின் பின்னர் கோல்ஃப் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகளாகின்றன. அவருடைய ஹண்டிகெப் 24. மெல்பேர்னில் வசிக்கும் மகன் அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறாராம். "60 பாகை வெட்ஜ் ஒன்று வாங்கிவரச் சொல்லட்டுமா? எங்கள் குழுவில் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் இல்லை" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். என் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மறுமுனையின் மௌனத்தில் தெரிந்தது. "நீங்கள் வைத்திருந்தீர்கள்தானே?" என்று அடுத்த கேள்வி வந்தது. வைத்திருந்தேன். ஆறு ஆண்டுகள் வைத்திருந்தேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாமற்போன காரணங்களை இங்கே எழுதுகிறேன். வார இறுதியில் மட்டும் மைதானத்தை எட்டிப் பார்க்கும் எம் போன்ற எல்லோருக்கும் இவை பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

கோல்ஃப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். மட்டையின் முகம் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதை லொஃப்ட் என்பார்கள். அதைப் பாகையில் அளப்பார்கள். சாய்வு கூடக்கூடப் பந்து உயரமாக எழும்; தூரம் குறையும். குழி அமைந்துள்ள ஒட்ட வெட்டிய புற்றரைக்குக் கிரீன் என்று பெயர். அந்தக் கிரீனை அண்மித்த பின்னர் கையாளும் மட்டைகளே வெட்ஜ்கள். பிட்சிங் வெட்ஜின் சாய்வு இன்று ஏறத்தாழ 45 பாகை. மணற்பள்ளத்திலிருந்து பந்தை வெளியேற்றும் சேண்ட் வெட்ஜின் சாய்வு 54 முதல் 56 பாகை வரை. அதற்கும் மேலே 60 பாகையில் இருப்பது லொப் வெட்ஜ். 64 பாகையிலும் உண்டு. நன்றாக அடிக்கத் தெரிந்தவர் கையில் அது பந்தை வானத்துக்கு எழுப்பி, விழுந்த இடத்திலேயே நிறுத்திவிடும். தொலைக்காட்சியில் பில் மிக்கல்சன் அதைச் செய்யும்போது பார்ப்பவருக்கு ஆசை வராமல் இராது. எனக்கும் வந்தது.

இந்த மட்டை பழைமையானதன்று. நாம் இன்று காணும் சேண்ட் வெட்ஜைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான ஜீன் சரசென். மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி அவர் செய்துகொண்ட மட்டையுடன் 1932இல் பிரித்தானிய பகிரங்க சம்பியன்ஷிப் பட்டத்தை வென்றார். அதன் பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் உலகின் தலைசிறந்த வீரர்கள் பிட்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ் ஆகிய இரண்டையும் கொண்டே பட்டங்களை வென்றார்கள். நாசாவில் பணியாற்றிய டேவ் பெல்ஸ் என்பவரின் ஆலோசனைப்படி டொம் கைட் 60 பாகை வெட்ஜைப் பையில் சேர்த்துக்கொண்டது 1980களின் தொடக்கத்தில்தான். அப்படியானால் அதற்கு முன்னர் ஆடியவர்கள் உயரமான பந்தை அடிக்கவில்லையா? அடித்தார்கள். இருந்த மட்டையின் முகத்தைச் சற்றே திறந்து வைத்து அடித்தார்கள்.

இனி என் கதை. அது 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நுவரெலியாவில் பருவகாலம். 1889இல் தொடங்கப்பட்ட அந்தப் பழைய மைதானத்தில் நாங்கள் நால்வர், இருவருக்கு இருவராக ஆடிக்கொண்டிருந்தோம். என்னுடைய கூட்டாளி ஒரு சட்டத்தரணி. எதிரணியில் தேயிலைத் தோட்ட நிருவாகத்தில் இருந்த இருவர். கடைசிக் குழிவரை இரு அணிகளும் சமநிலை. என் பந்து கிரீனின் வலப்புறத்தில், குழியிலிருந்து பதினைந்து யார் தொலைவில் கிடந்தது. இடையில் மணற்பள்ளம் இல்லை, மேடு இல்லை. தரை குழியை நோக்கிச் சரிந்திருந்தது.

என் பையைச் சுமந்து வந்த கெடி அருகிலிருந்த தோட்டத்தைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கும். சிறுவனாக இருந்தபோதே மைதானத்துக்கு வந்தவர். நான் கேட்கும் முன்னரே பிட்சிங் வெட்ஜை உருவி நீட்டினார். "ஐயா, இதுல உருட்டி விட்டீங்கன்னா போதுங்க. பந்து தானா எறங்கிப் போயிரும்" என்றார். நான் அதை வாங்கவில்லை. புதிதாக வாங்கிய 60 பாகை வெட்ஜைக் கேட்டேன். மூவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? பந்து எழும்ப வேண்டும், விழ வேண்டும், நிற்க வேண்டும்!

மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டது. பந்து எழவில்லை. இடுப்பளவு உயரத்தில் கிரீனைக் கடந்து எதிர்ப்புறப் புதருக்குள் போய் மறைந்தது. ஆட்டத்தை இழந்தோம்.

அது பெரிய விடயமன்று. அதன் பின்னர் நான் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பார்த்து, "தூரத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது, தம்பி" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஆமாங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் பந்தைத் தேடப் போனார். அவருடைய அன்றைய கூலியும் அதற்கு மேலான சன்மானமும் என் சட்டைப்பையில் இருந்தன. அவர் வேறென்ன சொல்ல முடியும்? நாளெல்லாம் பிறர் சொல்லாததைச் சொன்னதாக எழுதக்கூடாது என்று இளம் நிருபர்களுக்குப் போதித்துக்கொண்டிருந்தவன் நான்!

சரி, மட்டைக்கு வருவோம். அன்று நடந்தது தற்செயலன்று. அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி பந்தை மேலே தூக்கவே செலவாகிறது. ஆகவே பதினைந்து யார் போகவேண்டிய பந்துக்கு முப்பது யாருக்குரிய வீச்சைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீச்சு நீள நீளப் பிழை விடும் வாய்ப்பும் கூடுகிறது. பிட்சிங் வெட்ஜால் சிறிதாகத் தட்டும்போது பிழை விட்டால் பந்து குழியிலிருந்து இரண்டு மூன்று யார் விலகி நிற்கும். 60 பாகையில் அதே பிழையை விட்டால் பந்து ஒன்றில் காலடியிலேயே கிடக்கும், அல்லது கிரீனைத் தாண்டிப் பறக்கும். நீண்ட புல்லின் மேல் பந்து மிதந்துகொண்டிருந்தால் மட்டை அதற்குக் கீழாகவே வழுக்கிச் சென்றுவிடுவதும் உண்டு.

இரண்டாவது காரணம் தரை. வெட்ஜின் அடிப்பாகம் நிலத்தோடு அமைக்கும் கோணத்தைப் பவுன்ஸ் என்பார்கள். மட்டை மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்ல உதவுவது அதுவே. பவுன்ஸ் குறைந்த மட்டை மழையில் ஊறிய தரையில் புதையும். பவுன்ஸ் கூடிய மட்டை காய்ந்து இறுகிய தரையில் துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். பருவமழை மாறி மாறிப் பெய்யும் எமது நாட்டில் ஒரே மைதானம் ஒரு மாதம் சேறாகவும் மறுமாதம் சிமெந்தாகவும் இருக்கும். சாய்வு கூடிய மட்டையில் இந்த வேறுபாடு உடனே தண்டிக்கும். பந்தை உருட்டி விடுபவருக்கு அதனால் வரும் சேதம் சொற்பம்.

மூன்றாவது, கணக்கு. ஒருவர் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அமெரிக்காவில் அது 1938இல் நடைமுறைக்கு வந்தது. லோசன் லிட்டில் என்ற வீரர் 31 மட்டைகள் வரை சுமக்க வைத்த காலம் அது. இந்த விதியின்படி 60 பாகை உள்ளே வர வேண்டுமானால் வேறொன்று வெளியே போகவேண்டும். பெரும்பாலும் வெளியே போவது 180 யாருக்கு மேல் அடிக்க உதவும் மட்டை ஒன்று. ஒரு சுற்றில் ஓரிரு தடவை மட்டுமே தேவைப்படும் ஒன்றுக்காக, குழிக்குக் குழி தேவைப்படக்கூடிய ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம்.

நாம் எங்கே புள்ளிகளை இழக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி, பெருந்தொகையான அடிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் நூலொன்றை வெளியிட்டார். திறமையான ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் இடையிலான புள்ளி வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 யாருக்கு அப்பாலிருந்து அடிக்கப்படும் அடிகளால் ஏற்படுகிறது என்பது அவருடைய முடிவு. எஞ்சிய ஒரு பங்கில்தான் குழிக்கு அண்மையில் ஆடும் அத்தனையும் அடங்குகின்றன. அந்த ஒரு பங்கின் சிறு மூலைக்காகவே எமது ஆசை முழுவதும் செலவாகிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானம் இரு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது. 1982 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் 17ஆவது குழியின் அருகே புல்லுக்குள் கிடந்த பந்தை சேண்ட் வெட்ஜால் நேரே குழிக்குள் விழுத்தி டொம் வொட்சன் பட்டத்தைத் தட்டிச் சென்றார். சரியாகப் பத்து ஆண்டுகளின் பின்னர், 1992இல், அதே போட்டியில் அதே மைதானத்தின் 7ஆவது குழியில், கடுங்காற்றில் கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைக் குழிக்குள் விழுத்திப் பட்டம் வென்றவர் டொம் கைட். அவர் கையில் இருந்தது 60 பாகை வெட்ஜ்! ஆகவே மட்டையில் குற்றமில்லை. கைட்டிடம் அது இருந்தது பத்து ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் பழகிய பின்னர்.

இன்னொரு நியாயமும் உண்டு. தூரம் கூடுதலாகப் போக வேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் இரும்பு மட்டைகளின் சாய்வைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். முன்னர் 48 பாகையில் இருந்த பிட்சிங் வெட்ஜ் இன்று சில தொகுதிகளில் 43 பாகை. ஆகவே மேலே இடைவெளி விழுந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி முதலில் விழுவது 44க்கும் 56க்கும் இடையில். அதை நிரப்பவேண்டியது 50 பாகை மட்டை. நடுப்படி உடைந்திருக்கும்போது உச்சிப்படியைப் புதிதாகக் கட்டுவதில் என்ன பயன்?

யாருக்குத் தேவை என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான். இருபது அடி எடுத்துவைக்கும் தூரத்தில் ஒரு துவாயை விரித்துவிட்டு, கையிலுள்ள 56 பாகையால் பத்துப் பந்துகளை அடியுங்கள். ஏழு பந்துகள் துவாயிலோ அதன் அருகிலோ விழுந்தால், உயர்ந்த கிரீன்களும் ஆழமான மணற்பள்ளங்களும் உள்ள மைதானத்தில் நீங்கள் ஆடுபவரானால், வாரத்தில் இரு நாட்களாவது பழகவும் முடியுமானால், தாராளமாக வாங்குங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல பயிற்றுநர் ஒருவரிடம் சில வகுப்புகளுக்குச் செல்லலாம். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருளின் விலை என்ன என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டியதில்லை.

ஸ்பெயினின் செவ் பலெஸ்டெரொஸ் கெடியாகப் பணியாற்றிய ஏழைச் சிறுவன். பெத்ரெஞா கடற்கரை மணலில் ஒரேயொரு பழைய 3ஆம் இலக்க இரும்பு மட்டையைக் கொண்டு பந்தை உருட்டவும் உயர்த்தவும் கற்றுக்கொண்டார். பிரித்தானிய பகிரங்கப் பட்டத்தை மூன்று முறை வென்றார். நுவரெலியாவில் என் பையைச் சுமந்தவரும் பிறர் கழித்துவிட்ட ஓரிரு மட்டைகளால் ஆடிப் பழகியதாகச் சொன்னார். எந்தச் சரிவில் பந்து எப்படி ஓடும் என்பது அவருக்குக் காலால் தெரியும். எனக்கு அன்று தேவைப்பட்டது அந்த அறிவு. அது என் பக்கத்திலேயே நின்றது. மட்டையை நீட்டியும் காட்டியது.

மறு ஆண்டு சென்றபோது அவரைத் தேடினேன். கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். சொல்லவேண்டியதைச் சொல்ல முடியவில்லை. அதன் பின்னரும் அந்த மட்டையை விட்டுவிட எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இப்போது பையில் 46, 51, 56 என மூன்று வெட்ஜ்கள் இருக்கின்றன. கிரீனுக்கு அருகில் முதலில் கையில் எடுப்பது 46.

எனவே, நண்பரே, மகனிடம் மெல்பேர்னிலிருந்து வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கெடி ஒரு மட்டையை நீட்டினால், எந்த மட்டை என்று பார்க்காமல் வாங்கி அடித்துப் பாருங்கள். பந்து எங்கே போனாலும் பழியை மட்டும் அவர்மேல் போடாதீர்கள்.