ஏழு வயதில் ஒரு தாடைப் பரிசோதனை

பின்பற்களைக் கடித்துக்கொண்டு உதட்டை மட்டும் விரித்துக் காட்டச் சொன்னால் போதும். மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையை லேசாக மறைத்து நிற்க வேண்டும். கீழ்ப்பற்கள் முன்னால் வந்து மேல்பற்களை மறைத்தால், பிள்ளையைப் பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைக் குடவாசல் வட்டாரத்தின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் இரண்டாம் வகுப்பிலேயே செய்ய வேண்டும்.

“பால்பல் விழுந்து முளைத்தால் சரியாகிவிடும்”, “இவன் தாத்தாவுக்கும் இப்படித்தான்” என்று சொல்லியே பல வீடுகளில் காலம் போய்விடுகிறது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டுதான். ஆனால் மேல்தாடையின் எலும்பு இணைப்புகள் சிறுவயதில்தான் இழுப்புக்கு இசைந்து கொடுக்கும். பத்து வயதை நெருங்க நெருங்க இறுகிவிடும். கீழ்த்தாடையோ, முக்கியமாக ஆண்பிள்ளைகளுக்கு, பருவ வயது தாண்டியும் வளரும். 7 வயதுக்குள் முதல் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சிகிச்சை இல்லை. ஓரிரு பற்கள் இடறுவதால் தாடையை முன்னே நகர்த்திக் கடிக்கும் பிள்ளைக்குக் கழற்றி மாட்டும் சிறு பிளேட்டே போதுமானதாக இருக்கலாம். மேல்தாடை பின்தங்கியிருந்தால் ஃபேஸ்மாஸ்க் தேவைப்படும். நெற்றியிலும் முகவாயிலும் பதியும் சட்டம் அது. மேல்பற்களில் பொருத்திய கருவியை ரப்பர் வளையங்கள் அந்தச் சட்டத்தோடு இணைத்து, தாடையை முன்னோக்கி இழுக்கும். பள்ளி விட்டு வந்ததும் மாட்டினால் விடிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், பல மாதங்கள்.

பலன் உண்டா? பிரிட்டனில் 10 வயதுக்குட்பட்ட 73 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் ஆறாண்டு முடிவு 2016-இல் வெளியானது. பிற்காலத்தில் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று மருத்துவர்கள் கணித்தவர்கள், ஃபேஸ்மாஸ்க் அணிந்த பிள்ளைகளில் 36 சதவீதம்; அணியாதவர்களில் 66 சதவீதம். எல்லோரையும் அது காப்பாற்றிவிடாது. ஆனாலும் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

பள்ளியிலேயே இதைச் சோதிக்க வழியும் இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அதன் பட்டியலில் பல் கோளாறும் உண்டு. சொத்தையைப் பார்க்கும்போதே தாடை பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

கண்டுபிடித்த பிறகுதான் அலைச்சல். அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகருக்கோ, 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டைக் கல்லூரிக்கோ போக வேண்டும். நடவு, அறுப்பு நாட்களில் மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வர எத்தனை தாய்மார்களால் முடியும்? மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர் குடவாசல் அரசு மருத்துவமனைக்கு வந்து, பள்ளிகள் அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.