மோட்டார் போகவில்லை, புஷ் பிடித்திருக்கிறது

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்மணி சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். போன மாதம் என் மனைவியிடம் ஆயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார். மிக்சி போய்விட்டதாம். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ரேஷன் கார்டுக்கு வந்த விலையில்லா மிக்சி அது.

"கடையில குடுத்தேம்மா. காயில் எரிஞ்சிருச்சு, இதுக்குச் செலவு பண்றது தண்டம், பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

பணத்தைக் கொடுத்தோம். ஆனாலும், "எதற்கும் அந்த மிக்சியைக் கொண்டு வாருங்கள்" என்றேன். எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சந்தேகப் புத்தி உண்டு.

இரண்டு நாள் கழித்து வயர் கூடையில் வந்து சேர்ந்தது. ஜாரைக் கவிழ்த்து அடியிலிருக்கும் கப்ளரை விரலால் திருப்பினேன். அசையவில்லை. மிக்சியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குமே, அது வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதை உள்ளே அழுத்தி, ஜார் வைக்காமல் சுவிட்சைப் போட்டேன். ஜம்மென்று சுற்றியது. காயில் எரிந்த கதை அவ்வளவுதான்!

நடந்தது இதுதான். பிளேடின் தண்டு, ஜாரின் அடியிலுள்ள புஷ் என்கிற உலோகக் குழல் வழியாக இறங்குகிறது. புளியும் உப்பும் தேங்காய்ப் பாலும் அந்த இடுக்கில் இறங்கிக் காய்ந்தால் தண்டு இறுகிக்கொள்ளும். கழுவிய ஜாரில் தண்ணீர் தேங்கவிட்டால் துருவும் சேரும். தண்டு சுற்ற மறுத்தால் மோட்டார் திணறும், கூடுதல் மின்சாரம் இழுக்கும், சூடேறும், வாடை வரும். காயில் எரிவதற்கு முன்னால் ஓவர்லோடு சுவிட்ச் துண்டித்துவிடும். அதுதான் அந்தச் சிவப்புப் பொத்தான். வாடை வந்தாலே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுவது, காய்ச்சல் வந்தவனுக்குப் பாடை கட்டுவது மாதிரி.

ஜாரில் கொதிக்கக் கொதிக்க இல்லாமல் நல்ல சூடான தண்ணீரைக் கால் மணி நேரம் ஊற்றி வைத்தேன். கொட்டிவிட்டுத் துடைத்து, கவிழ்த்து, கப்ளருக்கு மேலே தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஜாரின் உள்ளே, பிளேடுக்கு அடியில் இன்னொரு சொட்டு. ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் கரண்டிக் காம்பால் பிளேடைத் தள்ளினேன் (விரலை விடாதீர்கள், வெட்டிவிடும்). முதலில் முரண்டு பிடித்தது. இன்னொரு சொட்டு விட்டு முன்னும் பின்னும் ஆட்ட, இளகியது. பிறகு தண்ணீர் ஊற்றி இரண்டு முறை ஓடவிட்டுக் கொட்டினேன். அழுக்கெல்லாம் வந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய்தானா என்று கேட்பீர்கள். நம் மதுரைப் பக்கம் எதற்கெடுத்தாலும் நல்லெண்ணெய்தான். தலைக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான். மிக்சிக்கு மட்டும் வேண்டாம். நாள்பட்டால் அது பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டி ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசுபிசுக்காது, வயிற்றுக்குள் போனாலும் கெடுதலில்லை. தையல் மெஷின் எண்ணெயைத் தொடவே கூடாது. அது மண்ணிலிருந்து எடுப்பது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை நானே விட்டேன். அன்றைய கொத்தமல்லிச் சட்னியைப் பற்றி என் மனைவி இன்னும் பேசுகிறார்.

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் அச்சுக்கு மசகு போடாமல் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மூங்கில் குழாய் வண்டியிலேயே தொங்கும். நடை வேகத்தில் உருளும் சக்கரத்துக்கே அந்தக் கவனிப்பு. நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய மிக்சிக்கு ஒன்றுமே செய்யாமல், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்ச் மேளாவில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அதற்காக எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட வேண்டாம். மாதம் ஒரு சொட்டு போதும். மோட்டார் பக்கம் ஒரு துளியும் விடக் கூடாது. உள்ளே கார்பன் தேயும் இடத்தில் எண்ணெய் பட்டால் நிஜமாகவே ரிப்பேர்தான். அரைத்ததில் கறுப்பு கலந்து வந்தாலும், ஜார் அடியில் ஒழுகினாலும், தண்டு பக்கவாட்டில் ஆடினாலும் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெயால் ஆகாது, மாற்றத்தான் வேண்டும். மிக்சி ரிப்பேர் செய்கிறவர்கள் அதைச் சிறு செலவில் மாற்றித் தருவார்கள்.

எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கடைக்காரர் மேல்தான். கப்ளரை ஒரு தடவை விரலால் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அவருக்குத் தெரியாது என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. தினக்கூலிக்காரர் வீட்டுக்குப் புது மிக்சி என்பது ஒரு மாதத்து அரிசி, பருப்பு. கம்பெனிகளையும் சொல்ல வேண்டும். இத்தனை சமையல் குறிப்புகள் அச்சடிக்கிறவர்கள், "ஜாரைக் கவிழ்த்து உலர்த்தவும், ஒரு சொட்டு எண்ணெய் விடவும்" என்று பெரிய எழுத்தில் தமிழில் போடக் கூடாதா?

அந்தப் பெண்மணி மிக்சியை வாங்கிப் போய் மறுநாள் வந்தார். தேங்காய்ச் சட்னி வெண்ணெய் மாதிரி அரைபட்டதாம்.

"அந்த ஆயிரம் ரூபாயில பிள்ளைக்கு நோட்டும் ஸ்கூல் பையும் எடுத்துட்டேன் சார். மாசா மாசம் கழிச்சுக்கங்க" என்றார்.