காயலாங்கடை இரும்பும் 20 டன் ஜாக்கியும்

இரும்பு வாங்கி, அறுத்து, வெல்டிங் வச்சு, சொந்தமா ஒரு ஹைட்ராலிக் பிரஸ் செஞ்சு முடிச்சாச்சு மக்களே. மொக்கை பதிவுன்னு ஓடிடாதீங்க. "எப்படி செய்வது" பதிவு இல்ல இது. செய்யும்போது மனசுல பட்டதைச் சொல்லணும்னு தோணுச்சு, அவ்ளோதான் :-)

மொதல்ல, பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு பிரஸ்? ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கவனுக்குத் தெரியும். 1996லயே அந்த வண்டியை நிறுத்திட்டாங்க, ஆனா எங்க ராயபுரம், காசிமேடு பக்கம் இன்னும் அதுக்கு மவுசு குறையல. டூ ஸ்ட்ரோக் வண்டியில கிராங்க் ரெண்டு தட்டையும் ஒரு பின்னால இறுக்கிக் கோத்ததுதான். கனெக்டிங் ராடு போச்சுன்னா அந்தப் பின்னை அமுக்கித்தான் கழட்டணும், அமுக்கித்தான் மாட்டணும். பிரஸ் இல்லாத கடையில? சுத்தியல்தான் பேசும். பேரிங்கையும் அதே சுத்தியலால இறக்குவாங்க. அடி உருளைகள் வழியா போய் ஓடுபாதையில கண்ணுக்குத் தெரியாத குழி விழுந்துடும். மூணு மாசத்துல 'கொர்ர்ர்' சத்தம் வரும்போது பேரிங் கம்பெனியைத் திட்டுவோம்.

"ரெடிமேடா விக்குதே, வாங்கிட்டுப் போயேன்"னு வீட்ல ஆரம்பிச்சு ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் சொன்னாங்க. அது ஒரு கட்சி. இன்னொரு கட்சி, "நம்ம ஆளுங்க கண்ணாலயே அளந்து செஞ்சுடுவான், இஞ்சினியருக்கு என்ன தெரியும்"னு சொல்ற கட்சி. ரெண்டு பேரோடவும் எனக்குச் சண்டை இருக்கு.

முதல் கட்சிக்கு: நாம இருக்கிற இடம் எது? 1948ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்ச கம்பெனி எண்ணூர்ல இருக்கு. 1955ல புல்லட் கம்பெனி வந்தது திருவொற்றியூருக்கு. ஜார்ஜ் டவுன் நெரிசல்ல இருந்த இரும்பு வியாபாரத்தை இடம் மாத்தத்தான் சி.எம்.டி.ஏ. சாத்தங்காட்டுல தனி இரும்பு மார்க்கெட்டே கட்டுச்சு. துறைமுகம், ரயில்வே, மில்லுன்னு நூறு வருஷத்துக்கு மேல இரும்பு வந்து இறங்கின ஊர். இங்க காயலாங்கடையில ஒரு ஆள் உயரத்துக்கு சேனலும் ஐ பீமும் எடைக்குக் கிடக்குது. அதை விட்டுட்டு, எத்தனை மி.மீ. தகடுன்னே சொல்லாம வெறும் "20 டன்"னு ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியை வாங்கணுமா?

ரெண்டாவது கட்சிதான் ஆபத்து. அவங்களோடதான் இந்தப் பதிவு.

எனக்கு வெல்டிங் வச்சுக் குடுத்த அண்ணன் என்னைப் பார்த்ததுமே "இன்னா தம்பி, கம்ப்யூட்டர் வேலை பாக்குறவனுக்கு இன்னாத்துக்கு இந்த ரோதனை?"ன்னாரு. அப்புறம் சேனலைக் கையால தட்டிப் பாத்துட்டு "சிங்கிளு தாங்காது, டபுள் போடு"ன்னாரு. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். 20 டன்னுன்னா சுமார் 200 கிலோநியூட்டன். தூணுக்குத் தூண் 600 மி.மீ., சுமை நடுவுல. 150 மி.மீ. சேனல் ஒண்ணு மட்டும் போட்டா தகைவு 288 மெகாபாஸ்கல் பக்கம் வருது. சாதா மைல்டு ஸ்டீல் நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிறது 250ல. ரெண்டு சேனல் போட்டா 144. அண்ணன் தட்டிப் பாத்துச் சொன்னதும் செமஸ்டர் பரீட்சைக்கு நான் மனப்பாடம் பண்ணின சூத்திரமும் ஒரே பதிலைத்தான் சொல்லுது! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, பொய் இல்ல.

ஆனா பாருங்க, அதே அண்ணனோட கண்ணு ஒரு இடத்துல ஏமாந்துச்சு. ஓட்டை.

டேபிளை ஏத்தி இறக்கத் தூணுல வரிசையா ஓட்டை போட்டு, பின்னு சொருகி, அதுமேல டேபிளை உக்கார வைப்போம். பீம் எவ்ளோ தடியா இருக்குன்னு எல்லாரும் பார்ப்பாங்க, ஓட்டையை யாரும் பார்க்க மாட்டாங்க. 150 சேனலோட நடுத்தகடு வெறும் ஐந்தரை மி.மீ.தான். ஒரு பக்கத்துக்கு 10 டன், அதை ரெண்டு தகடு பங்கு போட்டா ஆளுக்கு 5 டன். 25 மி.மீ. பின்னு அந்த மெல்லிசு தகட்டு விளிம்புல உக்காரும்போது அழுத்தம் 370 மெகாபாஸ்கலைத் தொடுது. வட்ட ஓட்டை மெதுவா முட்டை ஆகும். ஒரு பக்கம் மட்டும் முட்டை ஆனா டேபிள் சாயும், சாஞ்ச டேபிள்ல அமுக்குற சாமான் பக்கவாட்டுல பறக்கும். மருந்து ரொம்ப சின்னது: ஓட்டையைச் சுத்தி 10 மி.மீ. பட்டை வச்சு வெல்டிங். பின்னையும் 32 மி.மீ. ஆக்கிட்டோம். "இவ்ளோ நாளா நம்ம பட்டறை பிரஸ்ல இது இல்லியே"ன்னு அண்ணன் யோசிச்சாரு. மறுநாள் போய்ப் பாத்தா, அவரோட சொந்த பிரஸ்ஸைப் படுக்கப் போட்டு பட்டை வச்சிக்கிட்டு இருக்காரு.

இதைத்தான் சொல்ல வர்றேன். தட்டிப் பாத்துச் சொல்றவருக்கும் கணக்கு போடத் தெரிஞ்சவனுக்கும் நடுவுல நாலு தெருதான் தூரம். நாங்க வருஷா வருஷம் "ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்" எழுதிப் பாஸாகி ஓ.எம்.ஆர். ரோட்டுக்குப் பஸ் ஏறிடறோம். பட்டறையில பதினெட்டு வயசுப் பையன் அந்த பிரஸ் முன்னாடி செருப்புக் காலோட, வெறுங்கண்ணோட உக்காந்திருக்கான். "ஜுகாட்"னு இந்திக்காரன் பாணியில பெருமையா பேசுறவங்க யாரும் அந்தப் பையன் இடத்துல உக்காந்து பேரிங் அமுக்கிப் பாத்ததில்ல.

ஜாக்கி விஷயம் வேற ரகம். 1795ல இங்கிலாந்துல ஜோசப் பிரமான்னு ஒரு பூட்டு செய்றவர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு வரைக்கும் தத்துவம் மாறல. ஒரு பேச்சுக்கு, பெரிய ராம் 60 மி.மீ., பம்ப் பிஸ்டன் 12 மி.மீ.ன்னு வைங்க. பரப்பு 25 மடங்கு. கைப்பிடி நெம்புகோல் 20 மடங்கு. 40 கிலோ அமுக்குனா 20 டன்! உள்ள எண்ணெயோட அழுத்தம் சதுர செ.மீ.க்கு 700 கிலோ பக்கம் போகுது. நம்ம பைக் டயர்ல இருக்கிறது 2 கிலோ சொச்சம். அதனால எங்கயாவது எண்ணெய் ஊசி மாதிரி கசிஞ்சா விரல் வச்சுத் தடவிப் பாக்காதீங்க, தோலைத் துளைச்சு உள்ள போயிடும். ஜாக்கியைத் தலைகீழாத் தொங்கவிடுற வேலையும் வேணாம், எண்ணெய்க்குப் பதிலா காத்தை இழுக்கும். நகர்ற தட்டு மேல நிமிர்ந்து நிக்கட்டும். ராம் மேல் பீம்ல முட்டும், தட்டு கீழ இறங்கும், ரெண்டு ஸ்பிரிங் திரும்ப மேல இழுத்துக்கும். எங்க ஊரு உப்புக் காத்துல ராம் துருப் பிடிச்சா சீல் கிழிஞ்சிடும், வேலை முடிஞ்சா இறக்கி வச்சுடுங்க.

காயலாங்கடைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத் துண்டு பாக்க அம்சமா இருக்கும், ஆசைப்படாதீங்க. கார்பன் அதிகம், சாதா ராடுல வெல்டிங் வச்சா பக்கத்துலயே விரிசல் விடும். போதாததுக்கு ரயில்வே சொத்தை முறையில்லாம வச்சிருந்தா 1966ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு. லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டையும் அதே கதைதான். வார்ப்பிரும்பை டேபிள்ல அமுக்குற கட்டையா வச்சுடாதீங்க, வளையாது, வெடிக்கும். கால்வனைஸ் பண்ணின சாமான்னா பூச்சை எடுத்துட்டுத்தான் வெல்டிங், துத்தநாகப் புகை ராத்திரி காய்ச்சலா வந்து நிக்கும்.

மேல் பீமை வெறும் வெல்டிங்ல தொங்க விடாம போல்ட்டும் போட்டிருக்கேன். முன்னாடி பாலிகார்பனேட் ஷீட் ஒண்ணு சங்கிலியில தொங்குது. பேரிங் வெளி வளையம் உடைஞ்சா சில்லு சில்லா வரும்கிறதால. அண்ணன் சிரிச்சாரு, "ஆட்டோ மழைத் திரை மாதிரி கீது"ன்னு. சிரிக்கட்டும். அவரு பட்டறைக்கும் ஒண்ணு வெட்டிக் குடுத்திருக்கேன், பையன் அதை இறக்கிவிட்டுத்தான் வேலை செய்றான்னு போன வாரம் போனப்ப பாத்தேன்.

கோயமுத்தூர் பக்கம் இருக்கிற பதிவர்கள், உங்க ஊரு பட்டறை பிரஸ்ல பின் ஓட்டை எப்படி இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. முட்டையா, வட்டமா?