வண்டிச் சாவியை நாமே இறக்கி வைப்போம்



பெங்களூரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகள். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று பொதுத்துறை ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர்களில் பலர் இன்றும் அந்த நெரிசலுக்குள் வண்டி ஓட்டிப் போகிறார்கள். மைசூரில் செய்த ஜாவாவும் எஸ்டியும், திருவொற்றியூரில் செய்த புல்லட்டும் அந்தத் தலைமுறைக்கு ஷிஃப்டுக்குப் போன வண்டி, பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட வண்டி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய முதல் சொத்து. அதை விடச் சொல்வது லேசான காரியம் அல்ல என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பத்திரமாக ஓட்ட விடாத நோய் வந்துவிட்டால், கீழே விழும் முன்பே, பிள்ளைகள் சாவியைப் பிடுங்கும் முன்பே, மோட்டார் சைக்கிளை நீங்களாகவே நிறுத்திவிடுங்கள். இதற்கு அளவுகோல் வயது அல்ல, உடல்நிலை.

இந்த முடிவை நாமே எடுக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், நமக்காக எடுக்க வேறு யாரும் இல்லை என்பதே. மோட்டார் வாகனச் சட்டப்படி 55 வயதுக்கு மேல் புதுப்பிக்கும் லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது உடல்நிலை பற்றி நாமே உறுதி சொல்லும் 1ஆம் படிவம் உண்டு. வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருமா, 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியுமா, மாலைக்கண் உண்டா, கை கால் பலம் குறைந்திருக்கிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கின்றன. நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவர் கையெழுத்திட்ட 1-ஏ படிவமும் தர வேண்டும். கேள்விகள் அத்தனையும் நல்ல கேள்விகள். ஆனால் பெரும்பாலானவர்கள் அவற்றைப் படிக்காமலே டிக் அடித்துவிடுகிறார்கள், மருத்துவச் சான்றும் பல இடங்களில் சடங்காகிவிட்டது. நோயின் காரணமாக லைசென்ஸை ரத்து செய்ய 16ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது என்றாலும், ஒருவருக்குப் புதிதாக வந்த நோய் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தானாகத் தெரிய வழியில்லை. உடம்பு ஐந்தே மாதத்தில் மாறிவிடும். லைசென்ஸோ ஐந்து வருடம் மாறாமல் பர்ஸில் இருக்கும். அந்த இடைவெளியில் நம்மைத் தடுக்கக்கூடியது நம் மனசாட்சி மட்டுமே.

கண்ணிலிருந்து தொடங்குவோம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளடிக்கிறது. 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் கார் ஹைபீம் அடித்துவிட்டுப் போனபின் பார்வை தெளிய இளைஞருக்கு ஆவதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் வெள்ளைக் கோடு அழிந்த ஹம்பும், மழைத் தண்ணீர் நிரம்பிய குழியும் சக்கரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். கண்புரையாவது மங்கலாகத் தெரிந்து நம்மை எச்சரிக்கும். கிளாக்கோமா அப்படியல்ல. ஓரப் பார்வையை அது சத்தமில்லாமல் தின்றுவிடும். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் குறை இருப்பதே தெரியாது. இடது பக்கச் சந்திலிருந்து நுழையும் ஆட்டோ திடீரென்று முளைத்ததுபோல் அடிக்கடி தோன்றினால், தவறு ஆட்டோக்காரர் மேல் மட்டும்தானா என்று கண் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். சாமராஜப்பேட்டையில் மிண்டோ அரசு கண் மருத்துவமனை இதற்காகத்தான் இருக்கிறது.

அடுத்தது காலும் கையும். நீண்டநாள் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை மெல்ல மழுக்குகிறது. பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதம்தான் நமக்குச் சொல்ல வேண்டும். மரத்த பாதம் சொல்லாது. ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் அழுத்தம் கூடினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், குறைந்தால் வண்டி நிற்காது. கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாமல் கண்ணாடியை மட்டும் நம்புகிறார். மருந்துகளும் இதில் சேரும். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். அரிப்புக்கும் சளிக்கும் தரும் பழைய ரக மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடுகிறது. பிரேக்கைத் தொட அரை விநாடி தாமதமானாலும் ஒரு காரின் நீளத்துக்கு மேல் கைவிட்டுப் போகிறது.

பெங்களூரில் யார் 40இல் போகிறார்கள், நெரிசலில் வண்டி ஊர்ந்துதானே போகிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் இந்த நகரத்தில் 10 கி.மீ. கடக்க 34 நிமிடம் ஆனது. ஆனால் இருசக்கர வண்டிக்கு மெதுவாகப் போவதும் ஒரு சோதனை. ஓட்டத்தில் தானாக நிமிர்ந்து நிற்கும் வண்டி, ஊரும்போது நம் இடுப்பையும் முழங்காலையும் நம்பியே நிற்கிறது. இன்றைய புல்லட் 350இன் எடை 195 கிலோ. சிக்னலில், அதிலும் மேம்பால ஏற்றத்தில், ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும்போது கால் வைத்த இடம் பள்ளமாக இருந்து வண்டி சற்றே சாய்ந்தால், தேய்ந்த முழங்கால் அதைத் தாங்காது. வேகமே இல்லாமல் விழுந்தும் இடுப்பெலும்பு முறியலாம். நெரிசல் வேகத்தைத்தான் குறைக்கிறது. நிறுத்தி எடுக்கும் தடவைகளைக் கூட்டுகிறது. முதியவருக்கு ஆபத்து அந்த நிறுத்தங்களில்தான்.

விழுந்தபின் நடப்பதும் இளைஞருக்கு நடப்பதைப் போன்றதல்ல. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சாதாரண அதிர்ச்சியிலும் அவை அறுந்து ரத்தம் கசியக்கூடும். ஸ்டென்ட் வைத்தவர்களும், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள்; அவர்களுக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்பதில்லை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே ஏற்படும் அதிர்ச்சியை முழுவதும் தடுக்காது. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சில வாரங்கள் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமும் தொடங்குவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கும் அதே வயது, அதே எலும்பு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விபத்துக்குக் காரணம் இளைஞர்கள்தானே, எங்களை ஏன் குறிவைக்கிறீர்கள் என்ற கேள்வி நியாயமானது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். அந்த ஆண்டு இருசக்கர வண்டியில் போய் இறந்தவர்கள் மட்டும் 74,897 பேர். வேகமும் குடியும் ஒருவழிப் பாதையில் எதிர்த்து வருவதும் பெரும்பாலும் முதியவர்களின் குற்றங்கள் அல்ல. ஆனால் ஒருவர் தவறு இன்னொருவர் உடல்நிலைக்குப் பதிலாகிவிடாது. சொல்லப்போனால், சுற்றி ஓட்டுகிறவர்கள் ஒழுங்கில்லாதவர்கள் என்பதாலேயே நமக்குக் கூர்மையான கண்ணும் விரைவான கையும் அதிகம் தேவைப்படுகின்றன. நாற்பது வருட அனுபவம் பெரிய பலம்தான். எந்தச் சந்தில் நாய் ஓடும், எந்த பஸ் திடீரென்று ஒதுங்கும் என்று அது சொல்லிக் கொடுக்கும். மரத்த பாதத்துக்கு அது உணர்ச்சி தராது.

எல்லா நோய்க்கும் ஒரே பதில் இல்லை. கண்புரை அறுவை, எலும்பு முறிவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றுக்குத் தற்காலிக நிறுத்தம் போதும். மருத்துவர் சரி என்றபின் மறுபடி ஓட்டலாம். முழங்கால் வலியால் வண்டியின் பாரத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு, நூறு கிலோவை ஒட்டிய கியரில்லாத ஸ்கூட்டருக்கு மாறுவதும், இரவிலும் மழையிலும் வெளிவட்டச் சாலையிலும் ஓட்டாமலிருப்பதும் கொஞ்சகாலம் உதவும். வலிப்பு, மயக்கம், முன்னறிகுறி இல்லாமல் சர்க்கரை தாழ்வது, பார்க்கின்சன், மறதி நோய், ஓரப் பார்வை இழப்பு, பாதம் மரத்துப்போவது ஆகியவை வந்தால் நிறுத்தம் முழுமையானதாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் சிறு மின் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதைப் பிடித்துக்கொண்டு அதற்கு மாறுவது தீர்வாகாது. சட்டம் கேட்காவிட்டாலும் மயக்கம் வராமல் இருக்காது. சந்தேகம் இருந்தால், வீட்டு வாசலில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். வண்டியை யார் துணையும் இல்லாமல் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் படியுங்கள். இடுப்பைத் திருப்பாமல் தோளுக்கு மேலாகப் பின்னால் பாருங்கள். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும், அடுத்த தடவை வண்டியை எடுப்பதற்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

வண்டி இல்லாமல் இந்த ஊரில் எப்படி நடமாடுவது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆட்சேபம். அதில் நியாயம் இருப்பதை மறைக்கவில்லை. ஆனாலும் நிலைமை முன்புபோல் இல்லை. அல்சூருக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் ஜாலஹள்ளிக்கும் மெட்ரோ நிலையம் உண்டு, தூரவாணி நகர்க்காரர்களுக்கு கே.ஆர்.புரம் பக்கம். 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடுகிறது. பி.எம்.டி.சி. சாதாரணப் பேருந்தில் 60 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் கால்பங்கு தள்ளுபடி. சக்தி திட்டத்தால் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசம். ஆட்டோவின் மீட்டர் கட்டணம் முதல் 2 கி.மீ.க்கு 36 ரூபாய், பிறகு ஒவ்வொரு கி.மீ.க்கும் 18 ரூபாய். நாலு கி.மீ. தள்ளி இருக்கும் மருத்துவமனைக்குப் போய்வர 144 ரூபாய் ஆகும். மீட்டர் போடாத ஆட்டோ பற்றி நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆட்டோ மலிவு என்றும் சொல்லவில்லை. வண்டியை விற்ற பணத்தோடு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் செலவில் மிஞ்சுவதையும் தனியாக எடுத்து வைத்தால், மாதச் செலவில் கைவைக்காமலே பல மாதங்களுக்கு ஆட்டோவில் போய்வரலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சாவியை ஒளித்து வைக்காதீர்கள். நாலு பேர் முன்னால் அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். வண்டி போனால் வெளியே போவதற்கு ஒவ்வொரு தடவையும் கேட்டு நிற்க வேண்டும் என்ற பயம்தான் பலரை நிறுத்த விடாமல் தடுக்கிறது. கோயில், வங்கி, மருந்துக்கடை, நண்பர் வீடு என்று அவர் வாரத்தில் எங்கெல்லாம் போகிறார் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி அமைத்துவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள். போன் செயலியில் ஆட்டோ கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள். வண்டி கைமாறினால் ஆர்.சி. பெயரையும் மாற்றிவிடுங்கள்; மாற்றாவிட்டால் பிறர் செய்த விபத்துக்கும் நஷ்டஈடு பெரியவர் தலையில் விழும். கார் ஓட்ட உடல் ஒத்துழைக்கிறவர்கள் லைசென்ஸை முழுதாகத் துறக்க வேண்டியதில்லை. அரசின் சாரதி இணையதளத்தில் ஒரு வண்டி வகையை மட்டும் ஒப்படைக்கும் வசதி இருக்கிறது.

ஜப்பானில் 1998 முதல் முதியவர்கள் விரும்பி லைசென்ஸை ஒப்படைக்க வழி செய்திருக்கிறார்கள். ஒப்படைத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் பல ஊர்களில் பேருந்திலும் டாக்சியிலும் தள்ளுபடி. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் சிறு மகளும் இறந்தபின், அந்த ஒரே ஆண்டில் சுமார் 6 லட்சம் பேர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியொரு சாவுக்குப் பிறகு விழித்துக்கொள்வதற்கு நாம் காத்திருக்க வேண்டாம். லைசென்ஸை ஒப்படைக்கும் மூத்தோருக்கு மெட்ரோவிலும் பேருந்திலும் சலுகை அட்டை, உடையாத நடைபாதை, பேருந்து நிறுத்தங்களில் உட்கார இடம் ஆகியவற்றை அரசிடம் கேட்கிறோம். மாத்திரை எழுதும்போதே வண்டி ஓட்டலாமா கூடாதா என்றும் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூத்தோரே, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு 1ஆம் படிவத்தின் கேள்விகளையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் முன்னால் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். முழுமையாக நிறுத்த வேண்டும் என்று பதில் வந்தால் அந்த வாரமே வண்டியை விற்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள். இத்தனை வருடம் வண்டியை எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானித்தவர் நீங்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள்.

இப்படிக்கு,
மூத்த குடிமக்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த குழுவினர்,
பெங்களூர்.